கொக்கு கடைசி டியூப்புக்கு வரும்வரை

கொக்கு இப்போதுதான் முதல் வரிசைக்கு வந்திருக்கிறது. கொக்கு என்று பெயர் வைத்தது கூட வேலை பார்க்கிற கிருபாகரன். மெஷினோடு வந்த புத்தகத்தில் அதற்கு நீளமாக வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒற்றைக் காலில் நின்று, ஒரு டியூப்பில் மூக்கை விட்டு உறிஞ்சி, நிமிர்ந்து, பக்கத்துக் குவளையில் மூக்கைக் கழுவிக்கொண்டு அடுத்த டியூப்புக்கு நகர்கிற ஒன்றை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது. அமிலத்தில் கரைத்த மாத்திரையைத்தான் அது உறிஞ்சுகிறது. உறிஞ்சியதைக் கண்ணாடிக்குப் பின்னால் எரிகிற நெருப்பில் தூவும், அந்த நெருப்பு சூரியனின் மேல்தோலைவிடச் சூடு என்பார்கள், அதில் விழுந்த பிறகு மாத்திரை என்று எதுவும் கிடையாது, முடி வளரும், மூட்டு வலி போகும், மூளை வேலை செய்யும் என்று டப்பாவில் எழுதியதெல்லாம் எரிந்துபோய் ஈயம் ஈயமாகவும் காட்மியம் காட்மியமாகவும் ஆர்சனிக்கும் பாதரசமும் அதது அததாகவும் தனித்து நிற்கும், மெஷின் ஒவ்வொன்றாக எண்ணித் திரையில் போடும். என் வேலை தட்டை வைத்துப் பொத்தானை அழுத்துவதோடு சரி. மற்ற நாட்களில் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இத்தனை வருஷத்தில் கொக்கைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தது இன்றுதான், ஏனென்றால் தட்டில் கடைசி வரிசையில் கடைசி டியூப் என் வீட்டுக்காரருடையது.

வீட்டு மாத்திரையை இந்தச் சோதனைக்கூடத்தில் ஓட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. யாருக்கும் தோன்றாததால் யாரும் விதி எழுதவில்லை. காலையில் வரும்போதே டப்பாவிலிருந்து சிலவற்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மற்ற மாத்திரைகளைப் போலவே தனியாக அரைத்து, அமிலத்தில் போட்டு, அடுப்பில் வைத்துக் கரைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு டியூப்பில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி மூடி வைத்தேன். எல்லா மூடியையும் திறந்து தட்டில் அடுக்கியாகிவிட்டது, கடைசி டியூப்பைக் கையில் எடுத்ததும் மட்டும் என்னவோ போல ஆகிவிட்டது. இது என்ன, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. கோட்டுக்குள் கையை விட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகா, இவர் நல்ல மனுஷன், வாய்தான் ஜாஸ்தி, என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். கிருபாகரன் பக்கத்து மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க அரசி, மெஷினுக்குப் பூசையா? எங்கிட்டச் சொன்னா மெழுகுவத்தி கொண்டாந்திருப்பேன்ல” என்றார். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அதை முழுசாகச் சொல்கிறவர்கள் ரேஷன் கடையில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது வரிசை. குதிரைப் படம் போட்ட டப்பா, ஆண்களுக்கானது, போன முறையும் வந்தது. குதிரைக்கு ஈயம் இல்லை, கொஞ்சம் ஆர்சனிக் இருக்கிறது, அளவுக்குள்தான். நல்ல குதிரை. எல்லாம் காலையில் இட்லி சாப்பிடும்போது ஆரம்பித்தது. வீட்டுக்காரர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே முருங்கைக்குத் தாவிவிட்டார். வேதாளம் மாதிரி என்று மகள் தேன்மொழி சொல்லுவாள். இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, கொல்லைப்புற ஷெட்டில் ஒரு சின்ன மெஷினில் மாத்திரையாகத் தட்டி, டப்பாவில் தன் போட்டோவையே ஒட்டிவிட்டார். ஆரம்பத்தில் தூளை இங்கேயே கொடுத்து ஓட்டிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது, அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், என் பட்டச் சான்றிதழ் பீரோவுக்குள் இருக்கிறது. காலையில் மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே, “அரசி, இந்த மாசத்து இலை என்ன பச்சைங்கற, கண்ணைப் பறிக்குது” என்றார். மாசா மாசம் பச்சைதானே என்றேன். “அது பழைய தோட்டத்து இலை. அவரு முருங்கையெல்லாம் வெட்டிட்டுத் தென்னை வெச்சுட்டாரு. இப்பப் புதுத் தோட்டம்.” எங்கீங்க என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன். “பைபாஸைத் தாண்டி, முன்னாடி பழைய பேட்டரி உருக்குற கொட்டாய் இருந்துதில்ல, அதுக்குப் பொறத்தால. கொட்டாயை மூடிப் பல வருசமாச்சு, இப்ப அங்க மயிலெல்லாம் வருது.” பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

மயில் வந்தால் மண்ணில் ஈயம் இல்லை என்று ஆகிவிடுமா. பேட்டரி என்றால் ஈயம். உருக்கிய புகை எங்கே போகும், மண்ணில்தான் இறங்கும், இறங்கினால் எழுந்து போகாது, கொட்டகைக்காரன் போவான், ஈயம் போகாது. அந்த மண்ணில் முருங்கை நிற்கிறது, இலையில் தூசு படிகிறது, இலை மாத்திரை ஆகிறது, மாத்திரையைத் தேன்மொழி ஒரு மாதமாக விழுங்குகிறாள். அவளுக்கு ஏழாவது மாதம். கல்யாணமாகி எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை விரதம், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊட்டிக்குப் போய் வந்ததும் கரு நின்றது. தினமும் ராத்திரி குடும்பக் குழுவில் செய்தி போடுவாள், அப்பா மாத்திரை போட்டாச்சு, பக்கத்தில் ஒரு பச்சை இலை. இவர் அதற்கு உடனே இரண்டு கைகூப்பு அனுப்புவார். தாய் வயிற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஈயத்துக்கு வேலி கிடையாது. அது எலும்புக்குள் சுண்ணாம்பு மாதிரி நடித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறவள் நான். சொல்லும்போது ஒரு கஷ்டமும் இருந்ததில்லை, நடுவில் ஜோக் கூடச் சொல்வேன்.

மூன்றாவது வரிசையில் கொக்கு மூக்கைக் கழுவுகிறது. கழுவு, நன்றாகக் கழுவு, முந்தின டியூப்பின் பாவம் அடுத்ததில் ஒட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் வாங்கியாயிற்று, கலவை சாதத்துக்குச் சொல்லியாயிற்று, புளி சாதம் மட்டும் நானே கிண்டுவதாக ஏற்பாடு, சமையல்காரர் புளியில் தண்ணீர் காட்டுவார். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் சம்பந்தியம்மா பொறுப்பு. ருக்மிணியம்மா பொறுப்பு எடுத்தால் நாம் குறுக்கே போகக் கூடாது. வடக்கே யாத்திரை போய் வந்தபோது எனக்கும் தேன்மொழிக்கும் ஒவ்வொரு பித்தளைச் சிமிழ் குங்குமம் கொண்டுவந்தார், அங்கே சுமங்கலிகள் இதைத்தான் வைப்பார்களாம், அப்படி ஒரு சிவப்பு, தீயணைப்பு வண்டிக்கு அடித்து மீதியை அரைத்த மாதிரி. “தினம் வையுங்க சம்பந்தி, நானும் கேட்பேன்” என்றார். கேட்கவும் செய்தார். நல்ல மனுஷிதான். தேன்மொழியைத் தரையில் விடாமல் தாங்குகிறார். அவரிடம் போய், உங்கள் மருமகள் ஒரு மாதமாக ஈயம் சாப்பிட்டிருக்கிறாள், கொடுத்தது அவள் அப்பா, அவள் அம்மாவுக்கு ஈயம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம் என்று எப்படிச் சொல்வது. பந்தியில் சொல்வதா, வளையல் போடும்போது சொல்வதா.

“அரசி, உங்க டியூப்பு வந்தா எழுப்பட்டுமா?” என்கிறார் கிருபாகரன். நான் தூங்கவில்லை. “தூங்கலீங்க, யோசிக்கறேன்.” “அதத்தான் கண்ணை மூடிட்டு யோசிக்கறீங்களான்னு கேட்டேன்.” அவருக்கு எல்லாம் தெரியும், மத்தியானம் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். அவர் தயிர் சாதத்தைக் கரைத்துக்கொண்டே யோசித்து, “உங்க வீட்டுக்காரரு கரன்ட் கம்பியையே வெறுங்கையால தொட்டவரு, முருங்கை அவரை என்ன பண்ணப்போவுது” என்றார். அதுதான் அவர் ஆறுதல் சொல்லும் விதம்.

கடைசி வரிசை. கொக்கு ஒவ்வொன்றாக வருகிறது, கால்சியம் மாத்திரை, மீன் எண்ணெய், ஏதோ ஒரு கிழங்கு. இந்த மெஷினுக்கு யார் வீட்டுப் பொருள் என்று தெரியாது. தெரியாததுதான் அதன் யோக்கியதை. இத்தனை நாள் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இன்று கொஞ்சம் தெரிந்தால் தேவலை போல இருக்கிறது. கொக்கு கடைசி டியூப்பின் மேல் நிற்கிறது. இறங்குகிறது. உறிஞ்சுகிறது. திரையில் ஆர்சனிக், ஒன்றுமில்லை. காட்மியம், ஒன்றுமில்லை. பாதரசம், இல்லவே இல்லை. ஈயம்.

ஈயம் முப்பத்தெட்டு.

அனுமதித்த அளவு பத்து. எண் சிவப்பில் இருக்கிறது, மெஷின் அளவு தாண்டியதைச் சிவப்பில் போடும், அந்த வேலையை அதற்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். மறுபடி வாசித்தேன், முப்பத்தெட்டு, எண் மாறவில்லை. ஒரு மாதம், தினம் இரண்டு, பெருக்காதே, பெருக்காதே அரசி. அவர் போட்டோ போட்ட டப்பா. சட்டம் போட்ட காகிதம். போன் அதிர்கிறது, அவரேதான். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார். “அரசி, சாப்ட்டியா?” சாப்பிட்டேன். “ஒரு விசயம், ஞாயித்துக்கிழமை வாரவங்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில ஆளுக்கொரு டப்பா போடலாம்னு இருக்கேன். எப்படி?” “தேங்கா போதுங்க” என்றேன். “தேங்கா எல்லாரும்தான் போடுவாங்க. இது ஆரோக்கியம் பாரு.” “அப்புறம் பேசலாங்க, மெஷின் ஓடுது.” “ஓடட்டும் ஓடட்டும், கிருபாவைக் கேட்டதாச் சொல்லு” என்று வைத்துவிட்டார். வந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு டப்பா ஈயம், தாம்பூலப் பையில், மஞ்சளோடு.

இரு. நிதானமாக இரு. மற்றவர்களுக்குச் சொல்வதை உனக்குச் சொல்லிக்கொள், எண் கெட்டதாக வந்தால் முதலில் எண்ணைச் சந்தேகப்படு. அமிலம் கெட்டதா, அதே அமிலம்தான் எல்லாவற்றுக்கும், வெறும் அமிலம் ஊற்றிய டியூப் சுத்தமாக வந்திருக்கிறது. கொக்கு மூக்கைக் கழுவவில்லையா, முந்தின கிழங்கில் ஈயமே இல்லை, எதைக் கழுவ. அரைத்த உரலா, அதில்தான் குதிரையும் அரைபட்டது. அப்படியானால் மாத்திரைதான். ஆனால் பேட்டரி உருக்கிய மண் என்றால் ஈயம் மட்டும் தனியாகவா வரும், ஆர்சனிக்கும் காட்மியமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்த மாதிரி ஈயம் மட்டும் வந்து நிற்கிறது. யார் வீட்டு ஈயம் இது. மறுபடி முதலிலிருந்து வா. அரைத்தேன், கரைத்தேன், ஊற்றினேன், மூடினேன், எல்லாம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல. ஒன்றுபோல இல்லாதது எது. கடைசி டியூப்புக்கு மட்டும் நான் என்ன செய்தேன். ஒன்றும் செய்யவில்லை. முருகா, ஒன்றுமே செய்யவில்லையே. என்று சொல்லும்போதே கை தன்னால் கோட்டுக்குள் போகிறது, தாலியை எடுக்க, கண்ணில் ஒற்ற, கை பாதி வழியில் நிற்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை குளித்ததும் தாலிக்கு மஞ்சளும் சம்பந்தியம்மா கொடுத்த குங்குமமும் வைப்பேன். கையுறை நீல நிறம். நுனிவிரலைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன், கட்டைவிரலிலும் பக்கத்து விரலிலும் மங்கலாக ஒரு சிவப்பு, பூச்சி கடித்த மாதிரி. இந்தக் கையால்தான் ஒற்றினேன், இந்த விரல்களால்தான் மூடியைத் திருகினேன். வேண்டிக்கொள்ளாமல் திறந்த டியூப்பெல்லாம் சுத்தம். வேண்டிக்கொண்டு திறந்தது ஒன்றே ஒன்று. இந்த அறைக்குள் பவுடர் பூசிக்கொண்டு வரக் கூடாது, மருதாணி கூடாது, ஒட்டுப் பொட்டு தவிர எந்தப் பொட்டும் கூடாது, கதவில் ஒட்டியிருக்கிறது, எழுதியவள் நான். தாலிக்கு மட்டும் விலக்கு, கோட்டுக்குள் இருக்கட்டும், வெளியே வர வேண்டாம் என்று மேலதிகாரியிடம் பேசி வாங்கியதும் நான். வயிற்றிலிருந்து சிரிப்பு வருகிறது, வாயை மூடவும் முடியவில்லை, கையில் ஈயம்.

“கிருபா” என்று கூப்பிட்டேன், விரலைக் காட்டினேன், ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “கண்ணு ரெண்டு பக்கமும் வேற இருக்குதுங்க, கோயில் யானை மாதிரி. நான் அப்பவே பாத்தேன், புது மேக்கப்புன்னு சும்மா இருந்துட்டேன்.” சொல்ல வேண்டியதுதானே என்றேன். “பொம்பளைங்க மேக்கப்பைப் பத்தி நான் பேசறதில்லீங்க, வீட்டுல கத்துக்கிட்டேன்.” பிறகு ஆளே மாறி வேலையில் இறங்கினார். நான் முகத்தைக் கழுவி வரும்போது, கரைத்த பாத்திரத்தில் மீதி இருந்ததை அவரே புதுக் கையுறை போட்டுப் புது டியூப்பில் ஊற்றி வைத்திருந்தார். தாலியில் இருந்ததை ஒரு பஞ்சில் துடைத்து அமிலத்தில் கரைத்து இன்னொரு டியூப்பில் ஊற்றினேன், பல மடங்கு தண்ணீர் கலந்துதான். இரண்டையும் தட்டில் வைத்தோம். பொத்தானை அழுத்தப் போனவர் நின்று, “இந்தத் தடவை வேண்டிக்கறதுன்னா தள்ளி நின்னு வேண்டுங்க” என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் சட்டென்று நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். “பாத்தீங்களா, வெறும் காத்து. எங்க ஆளுங்க இந்த மெஷினை மனசுல வெச்சுத்தான் பண்ணியிருக்காங்க.”

கொக்கு போகிறது. இப்போது பயம் அங்கிருந்து கிளம்பி வேறு ஒரு இடத்தில் வந்து உட்காருகிறது. சிமிழ் இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று தேன்மொழியிடம். நான் வெள்ளிக்கு வெள்ளி தாலிக்கு மட்டும் வைக்கிறேன். அவளோ மாமியார் கண்ணெதிரில் இருக்கிறாள், தினம் வகிட்டில் வைப்பாள், அந்தக் கையாலேயே முறுக்கு எடுத்துத் தின்பாள், அவள் முறுக்கு தின்கிற ஜாதி. ஞாயிற்றுக்கிழமை ஊரே வரிசையாக வந்து கன்னத்திலும் கையிலும் பூசும், அந்தக் கையோடு ஆளுக்கொரு வாய் ஊட்டும். நான் முருங்கையைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன், சந்தேகப்பட வேண்டியது சாமி அலமாரியில் உட்கார்ந்திருந்தது. திரையில் எண் வருகிறது, முருங்கை, ஈயம், ஒன்றில் பாதிகூட இல்லை. பச்சையில். மயிலுக்கும் நன்றி. அடுத்தது பஞ்சு. கொக்கு உறிஞ்சிய அடுத்த நொடி மெஷின் ஒரு சத்தம் போட்டு எண்ணுவதையே நிறுத்திவிட்டது, இதற்கு மேல் எண்ணினால் என் கண் போய்விடும் என்கிற மாதிரி திரையில் ஒரு வரி. கிருபாகரன் சிரிக்கவில்லை. “அது குங்குமமில்லீங்க, ஈயப் பெயின்ட்டு” என்றார்.

தேன்மொழிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, ஏழு மாதத்துக்காரி எழுந்து வர நேரம் ஆகும். “சொல்லுங்கம்மா.” எங்கே இருக்கிறாய் என்றேன். “மொட்டை மாடியில. கீழ அத்தை இருக்காங்க.” கண்ணு, அத்தை குடுத்த குங்குமம் தினமும் வைக்கிறியா என்று கேட்டேன். “யாராவது சொன்னாங்களாம்மா?” வைக்கிறியா இல்லையா, அதைச் சொல் என்றேன். குரலைத் தணித்துக்கொண்டாள். “ஒரு நாள் வெச்சேன், அரிச்சுது. அப்புறம் தொடவே இல்ல. சிமிழு எம்பட பீரோவுக்கு மேல இருக்குது. லிப்ஸ்டிக்கை வகிட்டுல ஒரு இழுப்பு இழுத்துட்டு அத்தைக்கு முன்னாடி போய் நிப்பேன், அவங்க சந்தோசமா ஆயிடுவாங்க. அத்தைகிட்டச் சொல்லிறாதீங்கம்மா.” அவள் பிறந்ததிலிருந்து நான் லிப்ஸ்டிக்கைத் திட்டி வளர்த்த பெண். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இனி அதைத் தொடவே தொடாதே, ஒரு பையில் போட்டுக் கட்டி வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன் என்றேன். சரி என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “கேட்டதே கேட்டீங்க, இன்னொண்ணும் சொல்லிறட்டுமா? அப்பாகிட்டச் சொல்லக் கூடாது” என்றாள். சொல். “அப்பா மாத்திரையை நெஞ்செரிச்சல்ல முழுங்கவே முடியல. ஒரு மாசமா அத்தைதான் சாப்பிடறாங்க. முட்டி வலி கேக்குதாம். டப்பா தீரப்போவுது, வரும்போது ரெண்டு கொண்டாங்க.”

கிருபாகரன் தூரத்திலிருந்து என்ன என்று கையால் கேட்டார். பொறுங்கள் என்று கையால் சொன்னேன், எதை முதலில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. தாலியைக் கழற்றாமல் சுத்தத் தண்ணீரில் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினேன். வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன், தாம்பூலப் பைக்கு டப்பா போடுங்க, சம்பந்தி வீட்டுக்குத் தனியா ரெண்டு எடுத்து வையுங்க. பதில் உடனே வந்தது, இரண்டு கைகூப்பு, கீழே ‘நான்தான் சொன்னேனில்ல’. நாளைக்குக் காலையில் நல்ல மஞ்சள் வாங்கி, எலுமிச்சை பிழிந்து, படிகாரமும் வெங்காரமும் போட்டுப் பிசைந்து உலர்த்த வேண்டும், ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். கறுஞ்சிவப்பாகத்தான் வரும், தீயணைப்பு வண்டி மாதிரி வராது. அதையும் ஒரு டியூப் ஓட்டிவிட்டுத்தான் எடுத்துப்போவேன். சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது. மெஷின் சொன்னது என்றால் நம்ப மாட்டார், முட்டி சொன்னால் நம்புவார். மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான், “முட்டிக்கு மாத்திரை கேட்டீங்களாமே சம்பந்தி, இனிமே அதை நானே கொண்டாறேன். கூடவே குங்குமமும் நம்ம வூட்டுதுதான்.” கொக்கு கடைசியாக ஒருமுறை மூக்கைக் கழுவிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அதைப் பார்த்துக் கும்பிடலாம் என்று கை எழுந்தது, இறக்கிவிட்டேன், தலையை மட்டும் ஆட்டினேன்.